ஏடு வேறு, கல் வேறு: வேதாகமத்தின் வரலாற்றை வாதிடப் போகிறவர்களுக்கு

1873 ஆகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் நடந்த விவாதத்தை இந்த நாட்டில் மதவாதம் பேசுகிறவர்கள் இன்னமும் விடவில்லை. ஒரு பக்கம் கொட்டாஞ்சேனை விகாரையைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர், மறுபக்கம் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வா. தேரர் எடுத்த குறிகளில் ஒன்று யாத்திராகமம் 20:5. ஆங்கிலத்தில் பொறாமையுள்ள கடவுள் என்று இருப்பதைச் சிங்கள வேதாகமத்தில் 'ஜ்வலித', அதாவது ஒளிவீசுகிற, என்று மாற்றிச் சனங்களை ஏமாற்றுகிறார்கள் என்றார். கூட்டத்தில் அது நன்றாக எடுபட்டிருக்கும். ஆனால் அந்த அடி விழுந்தது சிங்கள மொழிபெயர்ப்பின் மேல்தான். எபிரேய மூலத்தில் ஒரு கீறலும் விழவில்லை. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அதே வசனத்தில் 'எரிச்சலுள்ள தேவன்' என்று பச்சையாகவே சொல்கிறது. தமிழில் கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

நூற்றைம்பது வருடம் கழித்தும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பது இதே குழப்பம்தான். 'வேதாகமம் நம்பத்தகுந்ததா?' என்ற ஒரே கேள்விக்குள் நாலு கேள்விகள் கிடக்கின்றன. கையில் இருக்கும் தமிழ் வரி மூலத்தைச் சரியாகச் சொல்கிறதா? அந்த மூலம் எழுதியவர் கையிலிருந்து நம் காலம்வரை சிதையாமல் வந்ததா? எழுதியவர் நிகழ்வுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தார்? வெளியில் கல்லோ மண்ணோ வேறு யாருடைய எழுத்தோ அதைத் தாங்குகிறதா? ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலைத் தூக்கி இன்னொன்றின் மேல் போடுவதுதான் இரு தரப்பும் விடுகிற முதற்பிழை.

தமிழருக்கு இந்தப் பிரிப்பு புதிதல்ல. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் சொல்) குறித்துப் பதிப்பித்தபோது செய்த வேலையைத்தான் எபிரேய, கிரேக்கச் சுவடிகளில் பாடத் திறனாய்வாளர் செய்கிறார்கள். கலித்தொகை நல்ல பாடத்தோடு கிடைத்துவிட்டது என்பதால் அதில் வரும் தலைவியும் தோழியும் ஊரில் வாழ்ந்த ஆட்கள் என்று யாரும் சொல்வதில்லை. வேதாகமத்துக்கு மட்டும் அந்தத் தாவலை எல்லோரும் கூசாமல் செய்கிறார்கள். '5,000க்கு மேல் கிரேக்கச் சுவடிகள் இருக்கின்றன, ஆகவே நடந்தது உண்மை' என்ற வாதம் அந்த வகை. சுவடிகளின் தொகை படியெடுத்த வரலாற்றைச் சொல்லும். படியெடுக்கப்பட்ட செய்தி உண்மையா என்பதில் அது வாய் திறக்காது.

முதலில் மொழிபெயர்ப்பு. கொழும்பில் கிறிஸ்தவத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். புரொட்டஸ்டன்ட் வீட்டில் 1871இல் முழுமையாக வந்த, போவர் தலைமையிலான மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க வீட்டில் 1995இல் வந்த திருவிவிலியம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து 1 யோவான் 5:7ஐத் திறவுங்கள். பழையதில் பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று பிதாவும் வார்த்தையும் பரிசுத்த ஆவியும் வருவார்கள். திருவிவிலியத்தில் அந்த மூவர் இல்லை. ஆவி, நீர், இரத்தம் மட்டுமே. யாரும் வெட்டவில்லை. பழைய கிரேக்கச் சுவடிகளில் அந்த வரி கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிற்காலச் சுவடிகளில்தான் உண்டு. இலத்தீன் மரபிலிருந்து வந்த வரி அது. ஒல்லாந்து அறிஞர் எராஸ்முஸ் 1516, 1519 கிரேக்கப் பதிப்புகளில் அதை விட்டுவிட்டார்; எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த அச்சுப் பாடத்திலிருந்தே 1611 ஆங்கிலமும் நமது பழைய தமிழும் பிறந்தன.

அதேபோல மாற்கு 16:9-20 சினாயிக் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. இரண்டும் 4ஆம் நூற்றாண்டின. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, யோவான் 7:53 முதல் 8:11 வரை, அந்த இரண்டிலும் இல்லை. இன்னும் பழைய பாப்பிரஸ் (நாணற்தாள் சுவடி) 66, 75 ஆகியவற்றிலும் இல்லை. இதைச் சொன்னவுடன் 'அப்படியென்றால் எல்லாம் பொய்' என்று குதிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தச் செருகல்களை நம்மால் பிரித்துக் காட்ட முடிவதே பழைய சுவடிகள் கையில் இருப்பதால்தான். புதிய ஏற்பாட்டுச் சுவடிகளில் பாடபேதங்கள் 4 முதல் 5 இலட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். கேட்கும்போது தலை சுற்றும். சுவடி கூடினால் பேதமும் கூடும். அவற்றில் மிகப் பெரும்பங்கு எழுத்துப் பிழை, சொல் இடம்மாறல், மொழிபெயர்ப்பில் தெரியவே தெரியாத சங்கதிகள். பொருளை மாற்றுகிற, அதேநேரம் மூலமாக இருக்க வாய்ப்புள்ள பேதங்கள் மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறிய பங்கைப் பற்றித்தான் வாதிட வேண்டும்.

'மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு, அதற்கும் மொழிபெயர்ப்பு' என்று ஒரு சங்கிலியைச் சொல்வதும் பிழை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் ஐயரும் ஆறுமுக நாவலரும் உழைத்து 1850இல் வந்த மொழிபெயர்ப்பானாலும் சரி, அதற்கு முன்னர் பிலிப் டி மெல்லோ செய்து 1759இல் இதே கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகத்தில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடானாலும் சரி, மூலமொழிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலைகள். மேசையில் கிடந்த கிரேக்கப் பதிப்பு எது என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி. பேர்சிவலோடு இருந்து வேதாகமத்தை வரிவரியாகப் படித்த அறிவை வைத்துத்தான் நாவலர் பின்னர் மிஷனரிமாருக்குப் பதில் எழுதினார். எதிர்த்தரப்பின் நூலைப் படித்துவிட்டு எதிர்க்கும் அந்தப் பழக்கம் இன்றைக்குக் குறைந்துவிட்டது.

பழைய ஏற்பாட்டுக்கு வருவோம். 1947இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. மொத்தம் 11 குகைகள். போதகர்மார் விரும்பிக் காட்டுவது பெரிய ஏசாயாச் சுருளை. நீளம் ஏறக்குறைய 7.34 மீற்றர், 54 பத்திகள், 66 அதிகாரமும் முழுதாக. காலம் கி.மு. 125ஐ ஒட்டி. அதுவரை நம்மிடம் இருந்த முதன்மையான எபிரேயச் சுவடிகளோ அலெப்போ (ஏறக்குறைய கி.பி. 930), லெனின்கிராட் (கி.பி. 1008) ஆகியவை. ஆயிரம் வருட இடைவெளியில் ஏசாயா பெரிதாக மாறவில்லை என்பது மெய். ஆனால் 'ஒரெழுத்தும் மாறவில்லை' என்பது பொய். அந்தச் சுருளுக்கும் வழக்கிலுள்ள பாடத்துக்கும் வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். பொருள் மாறுவதும் உண்டு: 53:11இல் வழக்குப் பாடம் 'காண்பார்' என்று சொல்லி எதைக் காண்பார் என்று சொல்லாமல் விடுகிறது, கும்ரான் சுருளில் 'ஒளியை' என்ற சொல் இருக்கிறது, கிறிஸ்துவுக்கு முன்னரே யூதர் செய்த பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது.

ஏசாயாவைக் காட்டுபவர் எரேமியாவைக் காட்டமாட்டார். அங்கே கதை வேறு. கிரேக்க எரேமியா எபிரேயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அதிகார ஒழுங்கும் வேறு. கிரேக்கக்காரர் சுருக்கிவிட்டார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். நாலாம் குகையில் அந்தக் குறும்பாடத்தோடு ஒத்த எபிரேயத் துண்டே கிடைத்தது. அதாவது ஒரே காலத்தில் இரண்டு எரேமியாக்கள் சுவடியாக உலாவின. 'மூலப் பாடம்' என்று ஒருமையில் சொல்வதற்கே அங்கே தயங்க வேண்டும்.

கோலியாத்தின் உயரத்தையும் பாருங்கள். வழக்குப் பாடத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். முழம் 45 சென்ரிமீற்றர், சாண் அதில் பாதி என்று வைத்தால் 2.93 மீற்றர். நாலாம் குகையின் சாமுவேல் சுருளிலும் பழைய கிரேக்கத்திலும் நாலு முழமும் ஒரு சாணும்: 2.03 மீற்றர். முன்னது அரக்கன், பின்னது வலைப்பந்து அணியில் சேர்க்கக்கூடிய ஆள். பழைய சான்று பின்னதின் பக்கமே நிற்கிறது.

எண்களில்தான் படியெடுப்பவர் கை அதிகம் வழுக்கும். 2 இராஜாக்கள் 8:26இல் (கத்தோலிக்கர் 2 அரசர்கள் என்பர், விவாதத்துக்குப் போகுமுன் இரண்டு பெயர் வரிசையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் பக்கம் தேடுவதில் போகும்) யூதா நாட்டு அகசியா அரசனானபோது வயது 22. 2 நாளாகமம் 22:2இன் எபிரேயத்தில் 42. அவனுடைய தகப்பன் யோராம் 32 வயதில் அரசனாகி எட்டு வருடம் ஆண்டு 40 வயதில் செத்தான். 42 சரியென்றால் மகன் தகப்பனுக்கு இரண்டு வயது மூத்தவன். இது எழுதியவனுடைய பிழை என்பதைவிடப் படியெடுத்தவனுடைய பிழை என்பதே பொருந்தும். 1 சாமுவேல் 13:1 இன்னும் வேடிக்கை: சவுல் அரசனானபோது அவனுக்கு வயது எத்தனை என்ற எண்ணே எபிரேயத்தில் விழுந்துவிட்டது. பிழையே இல்லாத பாடம் என்று சொல்பவரிடம் சவுலின் வயதை மட்டும் கேளுங்கள்.

ஆனால் எல்லா எண் சிக்கலையும் படியெடுத்தவன் தலையில் கட்ட முடியாது. எண்ணாகமம் 1:46இல் எகிப்திலிருந்து வந்த, 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550. பெண்கள், பிள்ளைகள், லேவியரையும் சேர்த்தால் 20 இலட்சம் தாண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டம் முழுவதும் ஏறக்குறைய 23 இலட்சம் பேர். அவிசாவளை முதல் மொறட்டுவை வரை எல்லோரும் ஆடுமாடுகளோடு கிளம்பிப் பாலைவனத்தில் 40 வருடம் கூடாரம் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். சீனாயில் அந்த அளவு கூட்டம் விட்டுச்சென்ற தடம் கிடைக்கவில்லை. உள்ளுக்குள்ளேயே இன்னொரு முடிச்சும் உண்டு. எண்ணாகமம் 3:43இல் தலைப்பிள்ளை ஆண்கள் 22,273. வளர்ந்த ஆண்களை மட்டும் வகுத்தாலே ஒரு தலைப்பிள்ளைக்கு 27 ஆண்கள் வருகிறார்கள். ஒவ்வொரு தாயும் 27 ஆண்பிள்ளை பெற்றால்தான் கணக்கு நேராகும்.

இதற்கு வழக்கமாக வரும் சமாதானம், எபிரேய 'எலெப்' என்ற சொல் 'ஆயிரம்' என்றும் 'குடும்பக்குழு, படைப்பிரிவு' என்றும் பொருள்படும், பின்வந்தவர்கள் குழம்பிவிட்டார்கள் என்பது. கெட்டித்தனமான யோசனைதான். ஆனால் யாத்திராகமம் 38:25-26ஐ எடுத்துப் பாருங்கள். தலைக்கு அரைச் சேக்கல் வீதம் வசூலான வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும். ஒரு தாலந்து 3,000 சேக்கல். மொத்தம் 3,01,775, இரண்டால் பெருக்கினால் 6,03,550, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஆக, கைக்கு வந்துள்ள நூலை எழுதியவர் ஆயிரத்தை ஆயிரமாகவே எண்ணியிருக்கிறார். எண் பெரிதாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது நேர்மை. அதோடு சேர்த்து 'எகிப்திலிருந்து யாருமே வரவில்லை' என்று முடிப்பது அந்தக் கணக்கிலிருந்து வராத முடிவு.

இனிக் கல். கல்லை வாசிக்கப் பழக நல்ல இடம் கொழும்பிலேயே இருக்கிறது. தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பயணத்தோடு வந்து, 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. ஒரே சக்கரவர்த்தி, ஏறக்குறைய ஒரே காணிக்கைப் பட்டியல். சீனப் பகுதி அதைப் புத்தருக்குக் கொடுக்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாராகிய விஷ்ணுவுக்குக் கொடுக்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பேரில் கொடுக்கிறது. தமிழ்ப் பகுதி மட்டும் தப்பியிருந்தால் சீனச் சக்கரவர்த்தி வைணவர் என்று ஒரு கட்டுரை வந்திருக்கும். கல் பொய் சொல்வதில்லை என்பார்கள். கல்லில் வெட்டியவருக்கும் ஒரு சபை உண்டு, ஒரு நோக்கம் உண்டு.

அந்தக் கண்ணோடு அசீரிய மன்னன் சனகெரிப்பின் பட்டகத்தை, எழுத்துப் பொறித்த பலமுகக் களிமண் கட்டியை, வாசியுங்கள். பிரித்தானிய நூதனசாலையில் உள்ள பிரதி டெய்லர் பட்டகம், படையெடுப்பு கி.மு. 701. அசீரிய மன்னன் சொல்வது: யூதாவின் அரணான 46 பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன், எசேக்கியாவை எருசலேமில் கூட்டுப் பறவைபோல அடைத்தேன், அவன் 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் அனுப்பினான். 2 இராஜாக்கள் 18:14 சொல்வது: 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன் அச்சொட்டாக ஒன்று. வெள்ளி முட்டுகிறது, அளவை வேறா, ஒருவர் கூட்டிச் சொன்னாரா, சேர்த்துக் கணக்கிட்டது வேறா என்று முடிவாகச் சொல்ல வழியில்லை. யூதாவின் லாகீசு நகர முற்றுகையை வேதாகமம் சொல்கிறது. நினிவே அரண்மனைச் சுவரில் அதே முற்றுகை அறை முழுக்கச் செதுக்கிக் கிடந்தது. லாகீசின் இடிபாட்டிலே மண்மேடும் அம்புமுனைகளும் தோண்டி எடுக்கப்பட்டன. எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சனகெரிப் எங்கும் சொல்லவில்லை. பெருமை பேச ஒரு வரியையும் விடாத மன்னன் அதைச் சொல்லாமல் விட்டது பெரிய சான்று.

2 இராஜாக்கள் 19:35 இதற்குக் காரணமாகக் கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்ததைச் சொல்கிறது. இங்கே பட்டகத்தின் கை நீளாது. படையெடுப்பு நடந்தது உறுதி, கப்பம் கட்டியது உறுதி, நகரம் விழாதது உறுதி. ஏன் விழவில்லை என்பதற்கு வெளிச்சான்று இல்லை. நாலு வரியில் இப்படிப் படிபடியாகத் தீர்ப்புச் சொல்ல முடிந்தால் விவாதம் உருப்படும். 'தொல்லியல் வேதாகமத்தை நிரூபித்துவிட்டது' என்பவர் கடைசிப் படியையும் முதற்படியின் கணக்கில் எழுதுகிறார். 'எல்லாம் புராணம்' என்பவர் கடைசிப் படியைக் காட்டி முதல் மூன்றையும் தள்ளுகிறார்.

எசேக்கியா தண்ணீரை நகருக்குள் வரப்பண்ணினான் என்று 2 இராஜாக்கள் 20:20 சொல்லும் வாய்க்கால் என்று கொள்ளப்படும் சுரங்கம் 533 மீற்றர். இன்றைக்கும் அதற்குள் தண்ணீரில் நடக்கலாம். 1880இல் அதன் சுவரில் ஒரு எழுத்து கண்டுபிடிக்கப்பட்டது: இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் மறுபக்கத்தார் குரல் கேட்டுச் சந்தித்ததையும், நீளம் 1,200 முழம் என்பதையும் சொல்கிறது. மன்னன் பெயர் அதில் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், எதிர்த்தரப்பு சொல்லுமுன்.

தாவீதைப் பற்றி 1993 வரை வெளியில் ஒரு எழுத்தும் இல்லை என்றே சொல்லலாம். அந்த வருடம் வட இஸ்ரவேலில் தாண் மேட்டில் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் அரமேயக் கல் கிடைத்தது. பகை மன்னன் ஒருவன் 'தாவீதின் வீட்டு' அரசனைக் கொன்றதாக வெட்டியிருக்கிறான். தாவீது வம்சம் ஒன்று இருந்தது என்பதற்கு அது போதும். கவண்கல் எறிந்ததற்கு அது சாட்சியில்லை. மோவாபியக் கல் 1868இல் கிடைத்தது. 2 இராஜாக்கள் 3இல் வரும் மோவாப் மன்னன் மேசா தன் பக்கக் கதையைச் சொல்கிறான்: இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது, வெற்றி தந்தது கேமோஷ் தெய்வம் என்று. பாபிலோனில் தோண்டிய பங்கீட்டுக் களிமண் பலகைகள் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் அழகு. கைதியாகப் போன யூதா அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த அரண்மனைக் கணக்கு. நமது பழைய கூப்பன் கடைக் கணக்குப்போல. யாரையும் புகழவோ எதையும் நிரூபிக்கவோ எழுதாத கணக்குக்குத்தான் நிறை அதிகம்.

யோசுவாவின் முன் மதில் விழுந்ததாக வேதாகமம் சொல்லும் எரிகோ மறுபக்கத்து உதாரணம். 1930களில் தொல்லியலாளர் கார்ஸ்டாங் இடிந்த மதில்களைக் கண்டு அவை யோசுவா காலத்தவை என்றார். இன்றைக்கும் பிரசங்கங்களில் வருவது அவர் முடிவுதான். 1952 முதல் 1958 வரை கேத்லின் கென்யன் அதே மேட்டை நுட்பமாக வெட்டி, மட்பாண்டத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்து, கார்ஸ்டாங் காட்டிய மதில் யோசுவா காலத்துக்கு ஆயிரம் வருடம் முந்தியது என்றும், நகரம் அழிந்தது கி.மு. 1550ஐ ஒட்டி என்றும் காட்டினார். யோசுவாவுக்கு எந்தக் காலம் வைத்தாலும் மதிலுள்ள எரிகோ கையில் வருவதில்லை. யோசுவா பிடித்ததாகச் சொல்லும் ஆயி பட்டணத்துக்கு வழக்கமாகக் காட்டும் எத்-தெல் மேடு இன்னும் மோசம்: கி.மு. 2400 முதல் 1200 வரை ஆளே இல்லை. மேடு அரித்துப் போனது என்றும் ஆயி வேறிடம் என்றும் பதில்கள் உண்டு. அவை பதில்கள், சான்றுகள் அல்ல. எனினும் கி.மு. 1208ஐ ஒட்டிய எகிப்திய மெர்நெப்தா கல் கானானில் 'இஸ்ரவேல்' என்ற மக்கள் இருந்ததைச் சொல்கிறது. மக்கள் இருந்தார்கள், மதில் விழுந்த கதையை மண் ஏற்கவில்லை.

புதிய ஏற்பாட்டில், ஒரு நற்செய்தியும் அப்போஸ்தலர் நடபடிகளும் எழுதியவராகக் கொள்ளப்படும் லூக்காவை எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே ஆளிடம் கிடைக்கும். அப்போஸ்தலர் 17:6இல் தெசலோனிக்கே அதிகாரிகளை அவர் 'பொலித்தார்க்' என்கிறார். கிரேக்க இலக்கியத்தில் காணாத இந்தப் பட்டம் மக்கதோனியக் கல்வெட்டுகளில் கிடைத்தது. தெசலோனிக்கேயின் வாயிலொன்றிலிருந்து எடுத்த கல் ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 18:12இல் பவுலை விசாரிக்கும் உரோம ஆளுநன் கல்லியோன், கிரேக்கத்து டெல்பிக் கல்வெட்டில் வருகிறான். அதை வைத்துத்தான் பவுல் கொரிந்துவில் இருந்த காலத்தைக் கி.பி. 51, 52 என்று கட்டுகிறோம். அதே லூக்கா தன் நற்செய்தியின் 2:2இல், இயேசு பிறந்தபோது சீரிய ஆளுநர் (பழைய தமிழில் சிரேனியு, திருவிவிலியத்தில் குரேனியு) எடுத்ததாகச் சொல்லும் குடிமதிப்பில் சறுக்குகிறார். முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுவின் (Josephus) நூற்படி அந்த ஆளுநர் சீரியாவுக்கு வந்து மதிப்பெழுதியது கி.பி. 6. ஏரோது செத்தது கி.மு. 4. இயேசு ஏரோது காலத்தில் பிறந்தார் என்று மத்தேயு சொல்கிறது. இடையில் பத்து வருடம். 'முதலாம் மதிப்பு' என்பதை 'அதற்கு முந்திய மதிப்பு' என்று திருப்பிப் பார்க்கிறார்கள். இரண்டு தடவை ஆளுநராக இருந்தார் என்கிறார்கள். ஏரோதின் கடைசி வருடங்களில் சீரியாவை ஆண்டவர்கள் சத்துர்னீனும் வாரூசும் என்று தெரிந்திருப்பதால் இரண்டாவது நிற்காது; முதலாவதில் கிரேக்கம் நெளிகிறது. இந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்து ஒரு மணித்தியாலம் ஒழுங்காக வாதிடலாம். பத்துத் தலைப்பை அள்ளிப் போடுவதைவிட அது பிரயோசனம்.

எதிர்த்தரப்பின் பழசான தோட்டாக்களும் சில உண்டு. நைசேயாவில் 325இல் கூடிய திருச்சபைச் சங்கத்தில் உரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் வேதாகம நூல்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஆதாரமே இல்லை. அந்தச் சங்கத்தின் விதிகளில் நூற்பட்டியல் கிடையாது. இன்றைய 27 நூலும் ஒரே பட்டியலாக வருவது 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுவின் மடலில். 'இயேசுவைப் பற்றி வெளியார் யாரும் எழுதவில்லை' என்பதும் நிற்காது: உரோம வரலாற்றாசிரியர் தாசித்து, இயேசு பிலாத்துவின் கீழ் கொல்லப்பட்டதை எழுதுகிறார், யோசேபு யாக்கோபை 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்' என்கிறார். யோசேபுவின் மற்ற, நீளமான பந்தியில் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் விசுவாசி அடிவாங்குவார். பிலாத்து இருந்தானா என்ற கேள்வியை 1961இல் செசரியாவில் கிடைத்த கல் மூடிவிட்டது.

நமது ஊருக்கே உரிய ஒரு சபலத்தையும் சொல்ல வேண்டும். சாலொமோனின் தர்ஷீஸ் கப்பல்கள் மூன்று வருடத்துக்கொருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன (1 இராஜாக்கள் 10:22). மயிலுக்கான எபிரேயச் சொல் 'துக்கி'. அது நமது தோகை என்று நெடுநாளாகச் சொல்கிறார்கள். 1859இல், இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், தர்ஷீஸ் காலிதான் என்றும் வாதித்தார். ஒலி பொருந்துகிறது, மயில் நமது பக்கத்துப் பறவை, மறுக்க மனம் வராது. ஆனால் பழைய கிரேக்கத்தில் அந்த வசனத்தைத் திறந்தால் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. செதுக்கிய கற்கள் நிற்கின்றன. எந்தப் பாடம் பழையது என்பதே வழக்கு. தோகை சரியென்றே வைத்தாலும் அது ஒரு வணிகச் சொல் பயணித்ததற்குச் சான்று, சொல் எத்தனை கைமாறியும் போகலாம். காலித் துறைக்குச் சாலொமோனின் கப்பல் வந்தது என்பதற்கு அதில் எதுவும் இல்லை.

கடைசியாக வாட்ஸ்அப் சரக்கு. செங்கடலடியில் தேர்ச்சில்லு, நாசா கண்டுபிடித்த காணாமற்போன நாள், மலையில் நோவாவின் பேழை. வந்தவுடன் நாலு விடயம் பாருங்கள். தோண்டியது யார், எந்த அடுக்கில்? பொருள் இப்போது எந்த நூதனசாலையில், என்ன இலக்கத்தில்? எழுத்து முழுவதையும் யாராவது பதிப்பித்திருக்கிறார்களா? முதலில் வந்தது சந்தையிலிருந்தா, குழியிலிருந்தா? நாலாவதில்தான் பெரும்பாலானவை விழும். 'முதலாம் நூற்றாண்டு மாற்குத் துண்டு' என்று 2012இல் மேடையேறி அறிவித்த பாப்பிரஸ் 2018இல் பதிப்பிக்கப்பட்டபோது 2ஆம் அல்லது 3ஆம் நூற்றாண்டு என்று வந்தது. யோவான் நற்செய்தியின் பாப்பிரஸ் 52, 8.9க்கு 6 சென்ரிமீற்றர் துண்டு, 'கி.பி. 125' என்று தேதிபோட்டுச் சுற்றுகிறது. கையெழுத்தை வைத்து அவ்வளவு இறுக்கமாகச் சொல்ல முடியாது, 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இழுபடும். வாஷிங்டன் வேதாகம நூதனசாலை தான் காசு கொடுத்து வாங்கிய சாக்கடற் சுருள் துண்டுகளைத் தானே ஆய்வுக்கு அனுப்பியது. 2020 மார்ச்சில் முடிவு வந்தது: 16 துண்டு, பதினாறும் போலி.